ஆறு மணிக் கரி

4-2-84, சனி

பனி. ஏரியின் எதிர்க்கரை தெரியவில்லை. சைக்கிளுக்குப் பிரேக் கட்டை மாற்ற வேண்டும் (மூன்றாவது வாரமாக இதையே எழுதுகிறேன்).

பொன்னேரியில் ரயில் கால் மணி தாமதம். மீஞ்சூர் வரை ஜன்னலோரம், நல்ல காற்று. எண்ணூர் தாண்டியதும் யாரும் சொல்லாமலே பெட்டியில் எல்லா ஷட்டரும் இறங்கின. மோர்க்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்: "தோ, மெட்ராஸ் வாசன வந்திச்சி. எறங்கறவங்கெல்லாம் எழுந்துக்கோங்க." பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் உறுத்தியது.

உறுத்தாமல் என்ன செய்யும். அந்த வாசனைக்குள்தான் என் பிழைப்பு. பாய்லர் உதவியாள், தற்காலிகம். தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு சக்கரத்தைத் திருப்பி, குழாய்களில் படிந்த கரியை நீராவியால் ஊதித் தள்ள வேண்டும். கால் மணி நேர வேலை. கரி புகைபோக்கி வழியே வெளியே போகும். அப்புறம் எங்கே போகிறது என்று மேஸ்திரி சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

மற்றபடி அருமையான நாள். வேலைக்கு முன்னால் பர்மா பஜார். கேசட் ஒன்று. உறையில் நாலு பேர், நாலு பேருக்கும் அம்மாவைவிட நீளமான முடி. கடைக்காரர் இரண்டு நிமிடம் போட்டுக் காட்டினார். டிரம் வந்து நெஞ்சுக்கூட்டில் உட்கார்ந்தது. நடைபாதையில் நின்றபடியே கால் ஆடியது. ஒரு போலீஸ்காரர் பார்த்தார். ஆடட்டும்.

வாங்க: பிரேக் கட்டை, பென்சில் செல் 4, அம்மாவுக்குத் தைலம்.

5-2, ஞாயிறு

ரெஜி வீட்டில் பயிற்சி. பீட்டரும் வந்தான் (பகலில் தையல், மாலையில் பேஸ் கிட்டார். இரண்டிலும் இழுத்துப் பிடித்துத்தான் வேலை செய்வான்).

ரெஜி ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க். இரண்டு வருடம் முன்பு ரயிலில் சாப்பாட்டுக் கேரியரில் நான் தட்டிக்கொண்டு வர, எதிர் சீட்டுக்காரன் தானாகப் பாட ஆரம்பித்தான். அவன்தான். அன்று இரண்டு பேரும் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போனோம். இதுவரை எனக்குக் கிடைத்த நண்பர்களில் அவன் ஒருவன்தான் என்னை "ஏண்டா இந்த தகர சத்தம்" என்று கேட்காதவன்.

25ஆம் தேதி சனிக்கிழமை மாலை ஆறரைக்கு, அவன் தெரு முனையில் உள்ள சர்ச் ஹாலில் எங்கள் முதல் நிகழ்ச்சி. அரை மணி நேரம், ஆறு பாட்டு. கடைசிப் பாட்டு எங்களுடையது, நாங்களே கட்டியது. அதன் முடிவில் ரெஜி ஒரே மூச்சில் ஒரு குரலை இழுக்க வேண்டும். நான் இருபத்து நாலு தட்டும் வரை விடக்கூடாது. அதுதான் பாட்டே.

இன்று ஒன்பதில் விட்டான். மறுபடி. ஏழு. அப்புறம் இருமல், சுவரைப் பிடித்துக்கொண்டு. உதடு வெளுத்துவிட்டது. ரெஜியின் அம்மா (நான் ஆன்ட்டி என்பேன்) வெந்நீரோடு ஓடிவந்தார். "டாக்டர் இன்னா சொன்னார், சொல்லு மேன் அவங்கிட்ட." ரெஜி சொல்லவில்லை. ஆன்ட்டியே சொன்னார். புகை இல்லாத இடத்தில் பத்து நாளாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டை மறந்துவிட வேண்டும். தொடர்ந்தால் மூச்சுக்குழாய் கெட்டுவிடும்.

ஜன்னல் திட்டில் கருப்பாக மாவு மாதிரி. ஆன்ட்டி விரலால் வழித்துக் காட்டினார். "காலைல தொடச்சேன், சாயங்காலம் தொடச்சேன். டெய்லி ஆறு மணிக்கு வருது. எவன் அனுப்பறானோ, அவன் கை வெளங்காமப் போவ."

கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். எங்கள் கம்பெனியிலிருந்து நாலு தெரு மேற்கே ரெஜி வீடு. நான் மெஷின் செக்ஷனில் ஃபிட்டர் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

6-2, திங்கள்

வேலை. ஆறு மணிக்குச் சக்கரம் திருப்பினேன். திருப்பிவிட்டு வெளியே ஓடி மேலே பார்த்தேன், இரண்டு வருடத்தில் முதல் தடவையாக. கருப்புத் துண்டு ஒன்று எழும்பி, சாய்ந்து, நேராக மேற்கே போனது.

முடிவு: ரெஜியை எங்கள் ஊருக்குக் கூட்டி வருவது. நைனாவிடம் கேட்க வேண்டும்.

8-2, புதன்

கூட்டி வந்துவிட்டேன். ரெஜிக்கு மருத்துவ விடுப்பு. ஒரு பெட்டி, ஒரு கிட்டார், தோளைத் தொடும் முடி. பஸ் ஸ்டாண்டிலிருந்து குப்பம் வரை பின்னாலேயே ஒரு ஊர்வலம்.

நைனா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாபா, மெட்ராஸ்ல கத்திரி கெடைக்கலியா?"

ரெஜி: "கெடைக்கிது நைனா. அந்த ஊரு காத்துல துருப்புடிச்சி போவுது."

நைனா சிரித்துவிட்டார். முதல் வார்த்தையிலேயே நைனா என்று கூப்பிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அம்மாவின் கவலை வேறு: "ஒடம்பு இன்னாடா இப்டி கீது? துன்றானா இல்லியா?" நண்டுக் குழம்பு வைத்தாள். அவன் நண்டுக்காலை உடைக்கத் தெரியாமல் பல்லால் கடித்து, அம்மா அவன் கையிலிருந்து பிடுங்கி உடைத்துக் கொடுத்து, ஒரே கூத்து.

மூச்சுக் கணக்கு: 9.

10-2, வெள்ளி

ரெஜிக்கு இங்கே பிடித்தவை:
— நண்டு (இப்போது உடைக்கத் தெரிகிறது)
— பூநாரைகள். "எல்லாம் பிங்க் சட்ட போட்ட பேஸ் பிளேயர் மாதிரி கீது மேன், ஒத்தக் கால்ல நின்னுக்கினு."
— வெள்ளைச் சட்டை மூன்று நாளாக வெள்ளையாகவே இருப்பது. தினமும் காலரைப் பார்த்து வியக்கிறான்.

பிடிக்காதவை:
— சேறு. முட்டி வரை இறங்கியபோது தூக்கி எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.
— காலை நாலரைக்கு அம்மா கொடுக்கும் கஷாயம்.

மூச்சு: 14.

சந்தோஷமாக இருக்கிறது. வெளிப்படையாகச் சந்தோஷம். வேலைக்குப் போகும்போது மட்டும் ஒரு கேள்வி. நான் ஊதும் கரி இப்போது யார் ஜன்னலில் விழுகிறது? ரெஜி ஜன்னலில்தான். அவன் இல்லை, ஆன்ட்டி இருக்கிறார்.

12-2, ஞாயிறு

இன்று எங்கள் பாடு. ஏரியில் நல்ல இடம் முறை வைத்துத்தான் கிடைக்கும், இன்று எங்கள் படகுக்கு. மடவை மீனுக்கு வலை. நைனாவும் சித்தப்பாவும் வலையை அரைவட்டமாக இறக்கினார்கள். படகு விளிம்பில் கழியால் தட்டி மீனை வலைப் பக்கம் விரட்டுவது என் வேலை. எட்டு வயதில் பழகிய வேலை. நான் டிரம் கற்றுக்கொண்டதே அந்த விளிம்பில்தான்.

தட்டுவதற்கு ஒரே சட்டம்: இடைவெளி கூடாது. ஒரே சீராக, விடாமல். மடவை பயந்து முன்னாலேயே போகும்.

ரெஜி படகின் மூக்கில் உட்கார்ந்திருந்தான். மெல்ல எங்கள் கடைசிப் பாட்டை முணுமுணுத்தான். நான் என்னை மறந்தேன். தட் தட், ஒரு நிறுத்தம், தட். ராக் பாட்டின் உயிரே அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. மடவைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நான் நிறுத்திய அந்தக் கணத்தில் மொத்தக் கூட்டமும் திரும்பி, எங்கள் படகுக்கு அடியில் புகுந்து, நூறு கெஜம் தள்ளி இறால் வலை கட்டிக்கொண்டிருந்த ஏழுமலை அண்ணன் பக்கம் துள்ளிப் பாய்ந்தது. இரண்டு மடவை ரெஜி மடியில். ஏழுமலை அண்ணன் படகுக்குள்ளேயே பதினைந்து இருபது குதித்திருக்கும்.

ஏழுமலை அண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார்: "மனோகரு! இன்னொரு பாட்டு எட்து வுடு நைனா!"

ஊர் சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. சாயங்காலம் பஞ்சாயத்தில் சிரித்துக்கொண்டே தீர்ப்பு: எங்கள் அடுத்த பாடு வரும்போது நான் கரையிலேயே இருக்க வேண்டும். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். படுக்கப் போகுமுன் நைனா சொன்னது: "மீனு ஓட்றதுக்குக் கூட மோளம் அட்சவன் நீ ஒர்த்தன்தாண்டா." அப்புறம் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

மூச்சு: 17. (சிரித்தது நுரையீரலுக்கு நல்லதாம், ரெஜி சொல்கிறான்.)

13-2, திங்கள்

ஆயிற்று. சொல்லிவிட்டேன்.

வேலை முடிந்து வந்தேன். ரெஜி வாசலில் கிட்டார் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியெல்லாம் கருப்பு. "அஞ்சு நாளா தொடைக்கிறேன், இன்னும் வருது பாரு. இது எந்தக் கம்பெனி மேன்? ஒனக்குத் தெரியாம இருக்காது."

"எங்க கம்பெனிதான்" என்றேன். "ஊதறதே நான்தான் ரெஜி. ஃபிட்டர்னு சொன்னது பொய்."

துடைப்பதை நிறுத்தினான். அப்புறம், "ரெண்டு வருசமா மம்மி திட்றது ஒன்னத்தானா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. எழுந்து கரையோரமாக நடந்தான். சாப்பிட வரவில்லை. இன்று மூச்சுக் கணக்கு இல்லை.

வெட்கமாக இருக்கிறது. டிரம் குச்சி வாங்கியது அந்தச் சம்பளத்தில். கேசட் அந்தச் சம்பளத்தில். பாடுகிறவனுக்கு மூச்சில்லாமல் செய்துவிட்டு, அவனுக்குத் தாளம் போடுகிறேன்.

14-2, செவ்வாய்

விடியலில் ரெஜி என்னை எழுப்பினான். "கோவம் போயிடுச்சி. பாதி போயிடுச்சி. வா, படகு கெளம்பறதப் பாக்கலாம்." பாதி போதும்.

பாய் விரித்து நாலைந்து படகுகள் முகத்துவாரம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. ரெஜி கேட்டான், ஏன் எல்லோரும் இருட்டில் போய் மத்தியானம் திரும்புகிறீர்கள், வெயில் வந்தபின் போனால் என்ன.

நைனா: "விடியல்ல கச்சான் காத்து. தரையிலேந்து கடலுக்குப் போவும். மத்தியானத்துக்கு மேல கடல்லேந்து தரைக்குத் திரும்பும். போவச்சொல்ல இது தள்ளும், வரச்சொல்ல அது தள்ளும். நாம சும்மா குந்திக்கினு வர வேண்டியதுதான்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். குப்பத்தில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக் கூடத் தெரியும். மாலை ஆறு மணி என்பது கடல்காற்று ஊருக்குள் வரும் நேரம். அந்த நேரத்தில்தான் இரண்டு வருடமாக ஊதியிருக்கிறேன். விடிகாலையில் ஊதினால் அத்தனையும் கடலுக்குப் போயிருக்கும். ஒரு ஜன்னலிலும் விழுந்திருக்காது.

16-2, வியாழன்

மேஸ்திரியிடம் பேசினேன். சுந்தரம் மேஸ்திரி, முப்பது வருட பாய்லர்க்காரர், அவருக்கும் இருமல்.

"காத்து பாத்து கரி ஊதணுமா? இது கம்பெனியா, கட்டுமரமா?" என்றார். அப்புறம் டீ குடித்தார். டீ முடிவதற்குள் யோசனை மாறியிருந்தது. தெருக்காரர்கள் மனு மேல் மனு போடுகிறார்களாம். அதனால் புகைபோக்கியில் தூசு பிடிக்கும் இயந்திரம் ஒன்று மாட்டலாமா என்று மேனேஜர் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாராம். அது வரும்போது வரட்டும், அதுவரை இதைப் பார்க்கலாம் என்றார். ஞாயிறு இரவு முதல் ஒரு வாரம் எனக்கு இரவு ஷிப்ட், ஊதுவது காலை ஐந்து மணிக்கு.

குதித்துக்கொண்டு வந்தேன். ரயிலில் கேரியரை எடுத்துத் தட்டினேன். பக்கத்துப் பெரியவர்: "தம்பி, அது உள்ள சோறு இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப தட்டு."

மூச்சு: 21.

17-2, வெள்ளி

நைனாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பெருமைப்படவில்லை.

"கடலுக்குப் போவும்னா, கடல் யாரு வூடு?"

"நைனா, அவ்ளோ பெரிய கடல்..."

"மெட்ராஸ்காரனுக்கு மூக்கு கீது. மீனுக்கு இல்லியா? காத்தால அஞ்சி மணிக்கு அங்க கட்டுமரத்துல போறவனுக்கு இல்லியா?"

"ஒரு வாரந்தான். ரெஜி பாட்ற வரைக்கும்."

"ஒரு வாரம்" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

ரெஜி கேட்டுக்கொண்டிருந்தான். "நைனா சொல்றது கரெக்ட் மேன்" என்றான். தெரியும். ஆனால் இந்த ஒரு வாரம் எனக்கு வேண்டும். என் ஆசையை மறைக்கப் போவதில்லை, இது என் நோட்டு.

19-2, ஞாயிறு

ரெஜி ஊர் திரும்பினான். அம்மா கருவாடு கட்டிக் கொடுத்தாள். பார்சல் ஆபீசில் அவனைத் தூசு இல்லாத தனி அறையில் உட்கார வைக்கப்போகிறார்கள்.

பாண்டுக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. ரெஜி: "கருப்பு ஜன்னல்." பீட்டர்: "வடக்கு ரயில்." நான்: "மடவை." என் யோசனைக்கு யாரும் வாக்களிக்கவில்லை. ஹால்காரர்கள் பலகையில் "ரெஜியும் நண்பர்களும்" என்று எழுதிவிட்டார்களாம். நண்பர்களாம்! பீட்டருக்கு என்னைவிடக் கோபம்.

புறப்படும் முன் மூச்சு: 23.

21-2, செவ்வாய்

இரண்டு நாளாகக் காலை ஐந்து மணிக்கு ஊதுகிறேன். கரி எழும்பி, கொஞ்சம் தயங்கி, கிழக்கே போகிறது. கணக்கு சரிதான்.

வேலை முடிந்து ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். ஜன்னல் திட்டில் வெள்ளைத் துணியை விரித்து வைத்திருக்கிறார். நேற்று காலை விரித்ததாம். வெள்ளையாகவே இருக்கிறது. "பாரு மேன், பாரு" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறார். நான்தான் அந்தக் கைக்காரன் என்று ரெஜி சொல்லிவிட்டான். ஆன்ட்டி என் காதைத் திருகினார், நிஜமாகவே வலித்தது. அப்புறம் இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் கடற்கரை. கட்டுமரத்தை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் தலைத்துண்டை உதறினார். கருப்பாக உதிர்ந்தது. "இன்னா எழவுடா இது, மேலேந்து கொட்து." பக்கத்திலிருந்தவர்: "கொக்கு காக்கா ஆயிடுச்சாட்டம்கீது." சிரித்தார்கள். வீடு வந்து சாப்பிடவில்லை. அம்மா காரணம் கேட்டாள், தூக்கம் என்றேன்.

24-2, வெள்ளி

கடைசிப் பயிற்சி. டிரம் செட் சர்ச்சினுடையது. ஒரு தோலில் ஓரக் கிழிசல், பீட்டர் ஊசி நூலோடு வந்து தைத்துக் கொடுத்தான்.

நாளைக்கு: வெள்ளைச் சட்டை இஸ்திரி. குச்சி இரண்டு ஜோடி. ரெஜிக்குத் தேன். அம்மாவும் நைனாவும் ரயிலில் வருவது, சித்தப்பா கூட்டி வருவார். அம்மாவுக்குக் காதில் பஞ்சு.

மூச்சு: 24. பீட்டர் கைதட்டினான். ரெஜி, "நாளைக்குத் தட்டு, இன்னிக்கி தட்டாத" என்றான்.

25-2, சனி

எங்கிருந்து எழுதுவது.

ஹால் நிறைய ஜனம். பாதி பேர் தெருக்காரர்கள், முக்கால்வாசி பேர் எட்டிப் பார்க்க வந்தவர்கள் (கணக்கு சேரவில்லை, சந்தோஷத்தில் எழுதுகிறேன்). ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஆறரை மணிக்கு அந்தத் தெருவில் திறந்த ஜன்னல்! ஆன்ட்டி முதல் வரிசை, லேஸ் வைத்த கவுன். பக்கத்தில் அம்மா பட்டுப் புடவை. இரண்டு பேரும் கை கோத்து உட்கார்ந்திருந்தார்கள், என்னதான் பேசிக்கொண்டார்களோ.

முதல் பாட்டில் வேகம் கூட்டிவிட்டேன். இரண்டாவதில் பீட்டரின் கம்பி அறுந்தது, மூன்று கம்பியிலேயே ஒப்பேற்றினான். மூன்றிலிருந்து பறந்தோம். வேறு சொல் தெரியவில்லை. நான் அடித்த அடி ஹால் தரை வழியாக ஜனங்களின் கால்களுக்குப் போவது தெரிந்தது. இதற்காகத்தான் எனக்கு இந்தச் சங்கீதம் பிடிக்கும். இதைக் கேட்டுக்கொண்டு யாராலும் சும்மா உட்கார முடியாது.

கடைசிப் பாட்டு. முடிவு. ரெஜி கண்ணை மூடினான். நான் எண்ணினேன். பத்து. பதினாறு. இருபது. இருபத்து நாலு. அவன் நிறுத்தவில்லை! நான் என்ன செய்வது, தட்டிக்கொண்டே போனேன். முப்பத்தொன்று. முப்பத்தொன்றில் விட்டான், விட்டுச் சிரித்தான், இருமல் இல்லை. அழுதுவிட்டேன், வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

அம்மா பஞ்சை முதல் பாட்டிலேயே எடுத்துவிட்டாளாம். நைனா: "சத்தம் ஜாஸ்தி. ஆனா அந்தப் புள்ளக்கி நல்ல மூச்சுடா."

27-2, திங்கள்

தூக்கலான வெயில். மேஸ்திரி வாசலிலேயே காத்திருந்து தோளைத் தட்டினார்.

"ஒன் காத்துக் கணக்கு மேனேஜர் வரைக்கும் போயிடுச்சிடா. ஒரு வாரமா ஒரு மனு இல்ல, ஒரு போன் இல்ல. இனிமே எப்பவும் காலைல அஞ்சி மணிதான். ஒன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதிட்டாரு."

பர்மனென்ட்! தலைகால் புரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு நாலடி நடந்தபின்தான் கேட்கத் தோன்றியது. "மேஸ்திரி, அந்தத் தூசு புடிக்கிற மிஷினு?"

"அது எதுக்கு இனிமே? புகாரே இல்லியே. வாணாம்னு சனிக்கெழமையே எழுதிட்டாங்க."

பாய்லர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஒரு வாரம் என்று நைனாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. இரண்டு வருடமாக இருமி, துடைத்து, மனு எழுதி ஒரு இயந்திரத்தைக் கிட்டத்தட்ட வரவைத்துவிட்டார்கள் அந்தத் தெருக்காரர்கள். அதை நான் ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டேன். கரி மட்டும் அதே கரி. இருமப்போவது இப்போது எங்கள் ஆட்கள்.

28-2, செவ்வாய்

காலையில் ஊதிவிட்டு நேராக ஆன்ட்டி வீடு. ரெஜியும் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பர்மனென்ட் விஷயத்தையும்.

ரெஜி கிட்டாரைக் கீழே வைத்தான். ஆன்ட்டி ஜன்னல் திட்டில் இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். எழுந்து போய் எடுத்தார், நாலாக மடித்தார், அலமாரியில் வைத்துச் சாத்தினார்.

"நாளைலேந்து ஆறு மணிக்கே ஊது மேன்" என்றார்.

"ஆன்ட்டி!"

"நம்ம மூக்குல விழுந்தாதானே மிஷின் வரும்? கடல்ல கொட்டினா எந்த மீனு வந்து மனு குடுக்கும்?"

"ரெஜிக்கு..."

"அவன் ஒங்க வூட்டுக்கு வரட்டும். நீ தினம் வர்ற ரயில்ல இவன் வந்து போவட்டும், அஞ்சு மணிக்கு ஆபீஸ் விட்டா ஆறு மணிக்கு மீஞ்சூர் தாண்டிடுவான். நான் இங்கயே இருக்கேன். ஒர்த்தராவது இருமிக் காட்ட வாணாமா?"

அதோடு நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனார். நானும் ரெஜியும் பின்னால். சிலர் கத்தினார்கள். ஒரு கிழவர் கதவைச் சாத்திவிட்டார். கைக்குழந்தைக்காரர்கள் மூன்று வீடு. அவர்களை ஆறு மணிக்குத் தன் வீட்டுப் பின்னறையில் ஜன்னலைச் சாத்தி உட்கார வைப்பதாக ஆன்ட்டி சொன்னார். கடைசியில் தெரு ஒப்புக்கொண்டது.

வீட்டில் நைனாவிடம் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு பஞ்சாயத்தாரைப் பார்க்கப் போனார்.

29-2, புதன்

நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் தேதி. நல்ல வெயில், வானம் சுத்தம்.

மேஸ்திரியிடம் ஆறு மணிக்கே ஊதுகிறேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "பர்மனென்ட் போவும்டா" என்றார். தெரியும் என்றேன். இருமினார், நீளமாக. அப்புறம் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். "இன்னிக்கி கச்சான் காத்து வரலன்னு எழுதிக்கோ."

இதை ஆன்ட்டி வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசை முழுக்க மனு. பீட்டர் எழுதியது, தையற்காரன் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் அளவெடுத்த மாதிரி. தெருக்காரர்கள் நாற்பத்தாறு பேர். நைனா காலையில் கொடுத்தனுப்பிய தாளில் குப்பத்துக்காரர்கள் எல்லோரும், பாதி கைநாட்டு. முதல் கைநாட்டு ஏழுமலை அண்ணன். தாளின் தலையில் நைனா சொல்லி யாரோ எழுதிய ஒரே வரி: "கடல் பக்கம் ஊதினாலும் ஒத்துக்கொள்ள மாட்டோம்."

ரெஜி ஐந்து பத்து ரயிலுக்குப் போய்விட்டான். அம்மா நண்டு வாங்கி வைத்திருக்கிறாளாம், பஸ் கண்டக்டர் மூலம் சேதி. கிட்டாரையும் எடுத்துப் போயிருக்கிறான். கடைசியாக மூச்சுக் கணக்கு வேண்டுமா என்றான். வேண்டாம், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

பின்னறையில் குழந்தைகள் வந்துவிட்டன. ஒன்று அழுகிறது. ஆன்ட்டி ஏதோ பாடுகிறார், தாலாட்டு இல்லை, எங்கள் இரண்டாவது பாட்டு.

நான் மட்டும்தான் பாக்கி. பெயர்: மனோகரன். ஊர்: பழவேற்காடு. தொழில் என்று ஒரு கட்டம். நாற்பத்தாறு பேரும் நிரப்பியிருக்கிறார்கள். தையல், ரயில்வே, வீட்டு வேலை, டீச்சர்.

எழுதிவிட்டேன். கரி ஊதுபவன்.

மணி ஐந்தே முக்கால். ஓட வேண்டும்.